சீரகத் தண்ணி

கண்ணு எரியுதாக்கும் சார்? எரியும். எனக்கும்தான் எரியுது. தேனியில ஏறுனதுல இருந்து நீங்க கர்ச்சீப்பை எடுக்குறதும் மூக்குல வைக்கிறதும் என்னைய ஒரு பார்வை பாக்குறதுமா வாறீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வேற சீட்டும் காலியில்லை, என்ன செய்ய. இந்தா, ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி விடுறேன்.

வாடை இந்தப் பையில இருந்துதான் வருது. ஜாடியில இருக்கிற மருந்து. பார்மலின்னு பேரு. மூடியைச் சுத்தி மூணு சுத்துப் பிளாஸ்திரி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவரு, அதுக்கு மேல மஞ்சப்பை. இருந்தும் வருது பாருங்க.

கீழ வைக்கணுமா? மாட்டேன் சார். மேல கம்பியிலயும் வைக்க மாட்டேன். கண்டக்டரு வந்து பஸ்ஸை நிப்பாட்டி, இறங்குய்யான்னு சொன்னா இறங்கி அடுத்த பஸ்ல ஏறுவேனே ஒழிய, இதை மடியை விட்டு இறக்க மாட்டேன், மூடியையும் திறக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. ஒருவாட்டி திறந்துட்டுப் படுறது போதும்.

உள்ள இருக்கிறது என் வீட்டுக்காரி கழுத்துல இருந்து நேத்து எடுத்த கட்டி. நெல்லிக்காய் தண்டி. அய்யோ, நகராதீங்க சார், ஒட்டுவாரொட்டி இல்லை அது. கேன்சரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால மார்புல வந்துச்சு. எடுத்தோம், ஊசி போட்டோம், ரேடியேசன்னு கரண்டு வச்சோம், முடி கொட்டி முடி முளைச்சுச்சு, முடிஞ்சுபோச்சுன்னு இருந்தோம். இப்பக் கழுத்துல வந்து நிக்குது. மதுரையில லேப்ல குடுக்கணும், நாலு மணிக்குள்ள. குடுத்தாத்தான் அவளுக்கு எந்த ஊசின்னு முடிவு பண்ணுவாங்க.

தனபாக்கியம் அவ பேரு. நான் சென்றாயன். சின்னமனூருக்குப் பக்கத்துல ஊரு. பஞ்சாயத்துல டேங்க் ஆபரேட்டரு, இருபத்தொம்பது வருசமா. டேங்க் ஆபரேட்டருன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. மோட்டாரைப் போட்டு டேங்க்கை நிரப்பணும், தெருத் தெருவா வால்வைத் திறந்து விடணும், மாசத்துக்கு ரெண்டுவாட்டி உள்ள இறங்கித் தேய்ச்சுக் கழுவணும். அம்புட்டுத்தான். ஆனா ஒண்ணு சொல்லுவேன் சார், என் தண்ணியைக் குடிச்சு எங்க ஊருல ஒரு பிள்ளைக்கு வயித்தால போனதில்லை. பிளீச்சிங் பவுடரைக் கூட அளவாத்தான் போடுவேன். மருந்து வாடை அடிச்சா அது தண்ணியா? எதையும் நல்ல தண்ணியில கழுவிட்டா சரியாப் போகும்னு இருக்கிற ஆளு நான். அதுதான் என் புத்தி. அந்தப் புத்திதான் சார் கெடுத்துச்சு.

சொல்றேன். மதுரை போற வரைக்கும் நேரம் இருக்கில்ல. நீங்களும் கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டுச் சும்மாதானே வரப்போறீங்க.

மொத ஆபரேசன் சனிக்கிழமை காலையில. ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். அதுக்கு மொத நாளு அவ என்ன செஞ்சா தெரியுமா? மறுநாள் மார்பை அறுக்கப் போறாங்க, அந்தப் பொம்பளை அடுப்புல சட்டியை வச்சு எனக்குச் சீரகத் தண்ணி காய்ச்சுறா. எனக்குப் பஸ்ல போனா வாயு ஏறி நெஞ்சைப் பிடிக்கும். கல்யாணமான நாள்ல இருந்து நான் எங்க கிளம்புனாலும் ஒரு பாட்டில் சீரகத் தண்ணி பையில இருக்கும். வடிகட்டவே மாட்டா. சீரகம் அடியில கிடந்தாத்தான் குணம் இறங்கும்பா. அன்னைக்கும் பாட்டிலைக் கையில குடுத்துட்டுத்தான் ஸ்ட்ரெச்சர்ல ஏறிப் படுத்தா.

பன்னெண்டு மணிக்கு நர்சு ஒரு ஜாடியைக் கொண்டாந்து நீட்டி, மதுரைக்குக் கொண்டு போங்கன்னுச்சு. நம்ம பக்கம் அப்படித்தானே, எடுத்ததை வீட்டு ஆளுதானே தூக்கிக்கிட்டு அலையணும். எதுக்கு அந்தத் தண்ணி, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நான் வாங்கிக்கிட்டு ஓடியாந்து பஸ் ஏறிட்டேன்.

மூடி சரியா இறுகலை சார். ஆண்டிபட்டி தாண்டுறதுக்குள்ள பஸ் பூரா வாடை. பின்னால ஒரு பிள்ளை கத்துது. ஒரு அம்மா வாந்தி எடுக்குது. கண்டக்டரு வந்து, யோவ் என்னய்யா அது, செத்த எலியை வச்சிருக்கியா, தூக்கி வெளிய போடுய்யாங்கிறான். தூக்கி வெளிய போடுய்யா. என் பொண்டாட்டி உடம்பை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைஞ்சிருப்பேன். ஆனா அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாங்க. கூனிக் குறுகி உக்காந்திருந்தேன். உசிலம்பட்டியில பத்து நிமிசம் நின்னுச்சு. இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சாக்கடை போகும், அங்க போய் மூடியைத் திறந்தேன்.

உள்ள பாத்தேன் சார். பாத்திருக்கக் கூடாது. பாத்துட்டேன்.

இம்புட்டு எரியிற தண்ணிக்குள்ள இவ கிடக்காளேன்னு தோணுச்சு. கிறுக்குத்தனம்தான், எனக்குத் தெரியும், அதுக்கு வலிக்கவா போகுது? ஆனா அந்த நேரம் அப்படித்தான் தோணுச்சு. ஊத்திட்டேன். அம்புட்டையும் சாக்கடையில ஊத்திட்டு, கையில இருந்த சீரகத் தண்ணியால ஒரு அலசு அலசி, மிச்சத்தை ஜாடி நிறைய ஊத்தி மூடுனேன். காய்ச்சுன தண்ணி, சுத்தமான தண்ணி, அவளே காய்ச்சுனது. இதுக்கு மேல என்ன வேணும்னு நினைச்சேன். பஸ்ல வாடையும் இல்லை. மதுரை வரைக்கும் நிம்மதியாப் போனேன்.

போய்ச் சேரும்போது லேப் பூட்டியாச்சு, சனிக்கிழமை அரைநாள்தானாம். மறுநாள் ஞாயிறு. சொந்தக்காரங்க வீட்டுல இருந்துட்டுத் திங்கக்கிழமை காலையில குடுத்தேன். ஜாடியை வாங்குன பொண்ணு மூஞ்சியைச் சுளிச்சுச்சு. பெரிய இடத்துப் பிள்ளை போல, நம்மளைக் கண்டா ஆகலைன்னு திட்டிக்கிட்டே ஊருக்கு வந்தேன். வருசக் கணக்கா அந்தப் பிள்ளையைத் திட்டியிருக்கேன் சார்.

பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துச்சு. டாக்டரு படிச்சுக்கிட்டே, அந்த ஜாடியில மருந்தோடதானே கொண்டு போனீங்கன்னு கேட்டாரு. தனபாக்கியம் பக்கத்துல உக்காந்திருக்கா, நர்சு நிக்குது, வாசல்ல வேற ஆளுக எட்டிப் பாக்குறாங்க. ஆமா சார், நீங்க குடுத்தது குடுத்தபடின்னு சொல்லிப்புட்டேன். ஒரு பாட்டில் தண்ணியில என்ன ஆகிப்போகும்னு ஒரு நினைப்பு. அவரும், அப்பச் சரி, ஹெர் டூ நெகடிவ்னு எழுதிட்டாரு. அந்தத் தனி ஊசி இவங்களுக்கு வேலை செய்யாது, மத்த ஊசி போடுவோம்னாரு. சரின்னோம்.

ஹெர் டூன்னா என்னன்னா கேக்குறீங்க? எனக்கும் அப்பத் தெரியாது. இப்பக் கழுத்துல வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்ல, அங்க ஒரு டாக்டரம்மா உக்கார வச்சு விளக்குனாங்க. நல்லா இருக்கணும் அந்தம்மா. உடம்புல வளரு வளருன்னு சொல்ற ஒரு சத்து ஓடுதாம் சார். அதைப் பிடிச்சு இழுக்கிறதுக்கு ஒவ்வொரு செல்லு மேலயும் சின்னச் சின்ன வாய் இருக்காம். சிலருக்குக் கட்டியில அந்த வாய் ஏகத்துக்கும் பெருகிப் போயிருக்குமாம். அது கிடைச்சதெல்லாம் உறிஞ்சிக்கிட்டு மளமளன்னு வளருமாம். புரிஞ்சுச்சு டாக்டரம்மா, திருட்டுக் கனெக்சன்னேன். ஒரு வீட்டுக்கு ஒரு குழாய்தான், சில பேரு ராவோட ராவா பத்துப் போட்டு வச்சிருப்பான். அந்தம்மா சிரிச்சிருச்சு. அதேதான், அந்த ஊசி போய் அந்தக் குழாயை அடைக்கும்னாங்க. ஆனா கனெக்சன் இருக்கான்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்ல? அதுக்குச் சாயம் போட்டுப் பாப்பாங்களாம். செல்லைச் சுத்திக் காப்பிக் கலர்ல ஏறுச்சுன்னா இருக்கு. ஏறலைன்னா இல்லை.

அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாங்க சார். கட்டியை எடுத்த உடனே இந்த மருந்துல போட்டிரணும், தண்ணியில கிடந்தாச் சதை அழுகிப் போகும், அழுகுன சதையில சாயம் ஏறாது, இருக்கிறதும் இல்லைன்னுதான் காட்டும்னாங்க.

இருக்கிறதும் இல்லைன்னுதான் காட்டும்.

பதினோரு நாளாச்சு சார் அதைக் கேட்டு. தனபாக்கியம் அந்நேரம் ரத்தம் குடுக்கப் போயிருந்தா. நான் மட்டும்தான் கேட்டேன். டாக்டரம்மா பாவம், எதார்த்தமாச் சொல்லிட்டு, மொதத் தடவை பாத்ததும் சரியா இருந்திருக்கலாம், திரும்ப வரும்போது மாறவும் செய்யும்னாங்க. மாறவும் செய்யும். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு இல்லாம இருந்து இன்னைக்கு மாறியிருக்கலாம்ல? இருக்கலாம்தானே சார்? நீங்க படிச்சவுக மாதிரி இருக்கீங்க.

...இந்தா உசிலம்பட்டி. அந்தா, அந்தக் கட்டடத்துக்குப் பின்னாலதான். பாக்க வேண்டாம். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க டீ கீ குடிக்கணும்னா இறங்குங்க, நான் அசைய மாட்டேன்.

குடிக்கலையா? சரி.

இல்லை சார், அவகிட்டச் சொல்லலை. எப்படிச் சொல்ல? அவளே நோயோட கிடக்கா. இதையும் சொல்லி அவளைச் சாகடிக்கணுமா? தெரியாம இருக்கட்டும். தெரியாம இருந்தாத்தான் அவளுக்கு நிம்மதி. நான் ஒருத்தன் சுமந்துக்கிட்டுப் போறேன். மக கோயம்புத்தூர்ல இருக்கா, அவளுக்கும் தெரியாது. உலகத்துலயே உங்ககிட்டத்தான் சார் சொல்றேன். நாளைக்கு உங்களை எங்க பாக்கப் போறேன், அந்தத் தைரியம்தான்.

அவளும் முன்ன மாதிரி இல்லை. அது ஒரு குறை எனக்கு. நோய் வந்த மனுசி, சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்றேன். முன்னாடி வீட்டுல வாய் ஓயாது. அவ டைப் அடிக்கப் போற ஆபீஸ்ல நடந்ததை எல்லாம் சோறு போடும்போது சொல்லுவா. இப்ப ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம். நான் வாசல்ல, அவ உள்ள. கேட்டதுக்குப் பதில். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. அந்தச் சீரகத் தண்ணி இருக்கே சார், அதையும் நிறுத்திட்டா. முப்பது வருசம் காய்ச்சுனவ ஒருநாள் வெறும் தண்ணியைக் குடுத்தா. அதுல இருந்து வெறும் தண்ணிதான். ஊசியில உடம்பு சலிச்சுப் போச்சு போலன்னு நினைச்சேன். நான் ஏன்னு கேக்கவும் இல்லை. கேட்டா அடுப்புல நில்லுன்னு சொல்ற மாதிரி ஆயிருமே.

எப்ப இருந்தா? அந்த வருசம் ஆவணி. கரண்டெல்லாம் வச்சு முடிஞ்சு, உடம்பு தேறி, எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்ச நேரம். அப்பவெல்லாம் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தா சார். ஒருநாள் கொடியில துணி காயப் போட்டுக்கிட்டே, ஏங்க, அன்னைக்கு அந்த ஜாடியை மதுரைக்கு எப்படிக் கொண்டு போனீங்கன்னு கேட்டா. எம்புட்டுப் பிரியம் பாருங்க, தனியா என்ன பாடு பட்டேனோன்னு கேக்குறா. மடியில வச்சுத்தான், பிள்ளையை வச்சிருக்கிற மாதிரி கொண்டு போனேன்னேன். சரின்னுட்டு உள்ள போயிட்டா.

இந்தப் பிளாஸ்திரி கூட அவ ஒட்டுனதுதான். காலையில நான் கிளம்பும்போது, கழுத்துல கட்டோட எந்திரிச்சு உக்காந்து, ஜாடியை வாங்கி மூணு சுத்துச் சுத்துனா. தண்ணிப் பாட்டிலைத் தனியாக் குடுத்து, இது நீங்க குடிக்கிறதுக்குன்னா. குடிக்கிறதுக்குத்தானே குடுப்பாக, அதை ஒரு வார்த்தையாச் சொல்லுவாகளா? மயக்க மருந்து தெளியலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

செக்கானூரணி வந்திருச்சா? அப்ப நெருங்கிட்டோம். சார், ஒரு உதவி. எனக்கு இங்கிலீசு படிக்க வராது. பழைய ரிப்போர்ட்டையும் சேத்துக் கொண்டாரச் சொன்னாங்க. பைல்ல அவ வச்சிருப்பா, எல்லாக் காகிதமும் அவ பொறுப்புதான். இதுல அது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால மாசி மாசம்.

இருக்கா? நல்லது. பேரு சரியா இருக்குல்ல?

என்ன கோடு?

பென்சில் கோடா? அது அவ பழக்கம் சார். உத்தமபாளையத்துல பத்திர ஆபீசுக்கு எதுத்தாப்புல பத்திரம் எழுதுறவர்கிட்ட டைப் அடிச்சவ அவ, இருபது வருசமா. தமிழும் இங்கிலீசும் எழுத்து விடாமப் படிப்பா. எங்கயாச்சும் இடிச்சுச்சுன்னா அடியில பென்சிலால ஒரு கோடு போட்டிருவா. பத்திரம் எழுத வந்த பார்ட்டியைக் கூப்பிட்டுக் கேப்பா. பார்ட்டி என்ன சொன்னானோ அதை ஓரத்துல எழுதுவா. சொன்னது சரின்னு பட்டுச்சுன்னா ரப்பரை எடுத்துக் கோட்டையும் எழுத்தையும் அழிச்சிருவா. கோடு இருக்கிற வரைக்கும் பத்திரம் பதிவுக்குப் போகாது, அம்புட்டுக் கறாரு. இதுலயும் போட்டிருக்காளா? எந்த இடத்துல? என்ன எழுதியிருக்கு அங்க, தமிழ்ல சொல்லுங்க.

...

இன்னொருவாட்டி சொல்லுங்க சார்.

பார்மலின்ல வரலை. தண்ணி மாதிரி திரவத்துல வந்துச்சு. உள்ள ரெண்டு மூணு சீரகம் கிடந்துச்சு. சதை கெட்டுப்போயிருக்கு, இந்த முடிவை நம்பி இருக்க வேண்டாம்.

சீரகம்னா போட்டிருக்கு? அந்த லேப்காரங்க அதையும் எழுதியிருக்காங்களா? டாக்டரு படிச்சுக்கிட்டேதானே கேட்டாரு. படிச்சுட்டுத்தான் கேட்டிருக்காரு. நான்தான் ஆமான்னேன்.

அவ படிச்சிருக்கா. ரெண்டு வருசமா இந்தப் பைலு அவ தலைமாட்டுலதான் சார் இருக்கு.

ஓரத்துல எழுதியிருக்கா? அவ எழுத்துதான், சின்னச் சின்னதா இருக்கும். படிங்க. பரவாயில்லை, படிங்க.

"மடியில், பிள்ளையை வைத்திருப்பது மாதிரி. அவர் சொன்னது."

ஆத்தாடி.

தெரியும் சார் அவளுக்கு. அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் கேட்டிருக்கா. துணியைக் காயப் போட்டுக்கிட்டே, முகத்தைக் கூடப் பாக்காம, நான் சொல்லிருவேன்னு கேட்டிருக்கா. நான் பிள்ளையை வச்சிருக்கிற மாதிரின்னு கதை அளந்திருக்கேன். வேற யாருகிட்டயும் அவ வாயைத் திறக்கலையே சார். டாக்டர்கிட்டச் சொன்னா என்னைய என்ன சொல்லுவாங்களோன்னு தனக்குள்ளயே வச்சுக்கிட்டாளா? உசிரு சார் அவளுக்கு, உசிரு போற விசயம். அதைக் கூட என் மானத்துக்காகப் பொத்தி வச்சுக்கிட்டு அந்த ரூம்புக்குள்ள ஒத்தையில கிடந்திருக்கா. நான் என்னடான்னா வாசல்ல உக்காந்துக்கிட்டு, நான் ஒருத்தன் சுமக்குறேன், நான் ஒருத்தன் சுமக்குறேன்னு. என்னைய மாதிரி ஒரு பாவி உண்டா?

அழிச்சிருக்காளா சார்? நல்லாப் பாருங்க. கோட்டை அழிச்ச மாதிரி இருக்கா? ரப்பர் தேய்ச்ச தடம் ஏதாச்சும்?

இல்லையா.

அப்ப இன்னும் பார்ட்டி பதில் சொல்லலைன்னுதான் வச்சிருக்கா.

சார், இந்த ஜாடியைக் கொஞ்சம்... வேண்டாம், இதை நானே வச்சுக்கிறேன். என் சட்டைப் பையில போன் இருக்கு, அதை மட்டும் எடுத்து அமுக்கிக் குடுங்க. ஒண்ணாம் நம்பரை அமுக்குனாப் போதும், அவளுக்குத்தான் போகும். கர்ச்சீப்பு உங்களுக்கே வேணும், வேண்டாம், நான் துண்டுல துடைச்சுக்கிறேன்.

ரிங் போகுது.

தனபாக்கியம், நான்தான். செக்கானூரணி தாண்டிட்டேன். இல்லை, ஒண்ணும் ஆகலை. மடியிலதான் இருக்கு, நீ ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு, தொறக்கலை. நாலு மணிக்குள்ள குடுத்துருவேன். அதுக்கில்லை. நீ வச்சிராத. ஆவணி மாசத்துல நீ என்கிட்ட ஒண்ணு கேட்டேல்ல, கொடியில துணி போட்டுக்கிட்டே. அந்த ஜாடியை எப்படிக் கொண்டு போனீங்கன்னு. ஆமா. அதுக்கு இப்பப் பதில் சொல்றேன், எழுதிக்க.

உசிலம்பட்டியில மருந்தைக் கீழ ஊத்திட்டேன். நீ காய்ச்சிக் குடுத்த தண்ணியைத்தான் அதுல ஊத்துனேன் பாக்கியம்.